தேதி மறக்கும் பெட்டி

கம்ப்யூட்டர் வாசல் பக்கம் நின்றது. குடை மாட்டும் ஆணிக்குக் கீழே, ஊருக்குக் கிளம்பியவர் மாதிரி. வயர்களைச் சுருட்டிக் கட்டி மேலே வைத்திருந்தார்கள். திரைக்கு ஒரு பழைய போர்வை. தூசி இல்லை. யாரோ ஈரத்துணியால் துடைத்திருந்தார்கள்.

அண்ணி கருவிப் பையைத் தோளிலிருந்து இறக்கினாள்.

"இது எங்க கிளம்பிடுச்சு?"

"பழைய இரும்புக்கு" என்றாள் நாத்தனார். "மத்தியானம் ஆள் வராரு."

"துடைச்சு வேற வெச்சிருக்கே."

"நான் இல்ல. அவரு. கொடுக்கிற பொருளைக்கூடச் சுத்தமா கொடுக்கணுமாம்."

அண்ணியின் தொழில் கம்ப்யூட்டர் ரிப்பேர். வீடு வீடாகப் போய்ச் செய்வாள். பழைய மெஷின் என்றால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். நாத்தனார் அவளுடைய கணவரின் தங்கை. கல்யாணமான புதிதில் அண்ணிக்கு 'ஸ்பேனர்' என்று பெயர் வைத்தவள் அவள்தான். பெயர் ஒட்டிக்கொண்டது. வீட்டில் மெஷின் கெட்டபோது ஸ்பேனரைக் கூப்பிட அவளுக்கு வாய் வரவில்லை. கம்ப்யூட்டர் கடைக்காரனைக் கூப்பிட்டாள். அவன் வந்து, திறந்து, கழற்றி, மாட்டி, மதர்போர்டு போய்விட்டது என்று சொல்லிவிட்டுப் போனான்.

இன்று காலைதான் அண்ணிக்குப் போன் வந்தது.

"கையில வெண்ணெயை வெச்சுக்கிட்டு நெய்க்கு அலைஞ்சிருக்கே" என்றாள் அண்ணி.

"இதுக்குத்தான் கூப்பிடல. வந்ததும் பேச்சு ஆரம்பிச்சாச்சு."

"பேச்சுக்குத் தனி சார்ஜ் இல்ல. தூக்கு, ரூமுக்குக் கொண்டு போலாம்."

இருவருமாகத் தூக்கினார்கள். கூடத்தில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி வழியை மறித்தது. பக்கவாட்டில் நகர்ந்து போனார்கள்.

"இது என்ன?"

"ஓடுற மெஷின். உடம்பைக் குறைக்கப் போறாரு. என் ரூம்லதான் போடணுமாம். ஜன்னல் இருக்காம், காத்து வருமாம்."

அறை சிறியது. ஒரு மேஜை, ஒரு ஜன்னல். ஜன்னலை ஒட்டி ஸ்டிக்கர் வெட்டும் மெஷின், நீளமாக, மூடி போட்டு. சுவரில் வண்ண வண்ணமாக ஸ்டிக்கர் சுருள்கள். கடைக் கண்ணாடி, வண்டிக் கதவு, வீட்டுப் பெயர்ப்பலகை எல்லாவற்றுக்கும் நாத்தனார் எழுத்து வெட்டிக்கொடுப்பாள். மேஜையில் ஒரு பச்சைத் தாள் கிடந்தது. அதில் 'பல் மருத்து' என்று வெட்டியிருந்தது. 'வமனை' இல்லை.

"பாதியில நின்னுடுச்சா?"

"இல்ல. சாயங்காலம் பாதி வெட்டினேன், மிச்சத்தை ஊருக்குப் போயிட்டு வந்து வெட்டலாம்னு வெச்சேன். வந்து போட்டா இது எழுந்திருக்கல." நாத்தனார் பச்சைத் தாளைத் தடவிச் சமப்படுத்தினாள். "அந்த டாக்டர் அம்மா நேத்துகூட போன் பண்ணாங்க. கண்ணாடியில பாதி எழுத்தாவது ஒட்டிடலாமான்னு கேட்டேன். சிரிக்கிறாங்க."

"புது லேப்டாப் வாங்கினா இந்த வெட்டுற மெஷின் ஓடாதா?"

இது தெரிந்து கேட்ட கேள்வி. நாத்தனார் கம்ப்யூட்டரின் பின்பக்கத்தைக் காட்டினாள். அகலமான பழைய இணைப்பு. அதில் விரல் அளவு ஒரு பூட்டு செருகியிருந்தது. டாங்கிள். அது இருந்தால்தான் எழுத்து வெட்டும் மென்பொருள் திறக்கும். இப்போது வரும் எந்த லேப்டாப்பிலும் அதைச் செருக இடமில்லை.

"அப்போ இது போனா அதுவும் போகும்."

"அதுவும் போகும். ரூமும் போகும். நானும் போவேன், இவரோட தம்பி ஆபீசுக்கு. முன்னாடி உட்கார ஒரு ஆள் வேணுமாம். வரவங்களைப் பார்த்துச் சிரிக்கணும், உட்காரச் சொல்லணும்."

"உனக்குச் சிரிக்க வராதே."

"அதைத்தான் நானும் சொன்னேன்."

அண்ணி வயர்க்கட்டைப் பிரித்தாள். ஒவ்வொன்றாகச் செருகினாள். செருகும்போதே கேட்டாள்.

"கடைசியா எப்போ நல்லா ஓடிச்சு?"

"ஊருக்குப் போறதுக்கு முந்தின நாள் வரைக்கும்."

"வந்து போட்டதும்?"

"லோகோ வந்துச்சு. அப்புறம் நீலமா ஒரு திரை, வெள்ளை எழுத்து. அதுவே அணைஞ்சு மறுபடியும் லோகோ. மறுபடியும் நீலம். செக்கு மாடு மாதிரி."

"அப்போ திரை வந்துச்சு."

"வந்துச்சு. கடைக்காரன் கை வெச்ச பிறகுதான் அதுவும் இல்ல."

அண்ணி தலையாட்டினாள். அவள் எந்த வீட்டிலும் முதலில் பெட்டியைத் திறக்க மாட்டாள். முதலில் கேட்பாள். பாதி பழுது பேச்சிலேயே கிடைத்துவிடும்.

"அதுக்கு முன்னாடி எந்தத் தொல்லையும் இல்லையா? சின்னதா ஏதாவது?"

"ஒண்ணும் இல்ல. காலையில போட்டு, தேதியை மாத்திட்டு, வேலையை ஆரம்பிப்பேன்."

அண்ணியின் கை நின்றது.

"என்ன மாத்திட்டு?"

"தேதி. தப்பா இருக்கும்ல. சரி பண்ணலைன்னா மென்பொருள் திறக்காது."

"தினமும்?"

"தினமும். பல் தேய்க்கிற மாதிரி. பழைய கம்ப்யூட்டர்னா அப்படித்தானே?"

அண்ணி அவளைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க.

"என்ன சிரிப்பு?"

"ஒண்ணும் இல்ல. சுவிட்சைப் போடு."

மின்விசிறி சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது. பெட்டிக்குள்ளிருந்து நீளமாக ஒரு பீப். சற்று இடைவெளி. மறுபடி நீளமாக ஒன்று.

அப்போது மாப்பிள்ளை வந்து கதவருகே நின்றார். நாத்தனாரின் கணவர். அந்தக் குடும்பத்தில் எல்லோரும் அவரை மாப்பிள்ளை என்றுதான் சொல்வார்கள். அண்ணி மட்டும் தம்பி என்பாள். இஸ்திரி போட்ட சட்டை. வீட்டில் இருக்கும்போதும்.

"அக்கா, வாங்க. வீணா உங்களுக்கு அலைச்சல். போர்டு போச்சுன்னு கடைக்காரரே சொல்லிட்டாரு."

"கத்துது, கேக்குதா தம்பி?"

"கேக்குது."

"செத்தவன் கத்த மாட்டான்."

மாப்பிள்ளை அதை யோசித்தார். "நான் அவருக்கு வாக்குக் கொடுத்துட்டேன் அக்கா. வண்டி எடுத்துக்கிட்டு வரேன்னு சொல்லியிருக்காரு."

"வரட்டும். அவரு வரும்போது இது ஓடலைன்னா நானே தூக்கி வண்டியில வெச்சுத் தரேன். ஓடினா?"

"ஓடினா எதுக்குக் கொடுக்கணும்? இருக்கட்டும்."

"கேட்டுக்கிட்டியா?" என்றாள் அண்ணி நாத்தனாரிடம்.

"நல்லாக் கேட்டுக்கிட்டேன்."

மாப்பிள்ளை பொய் சொல்கிறவர் இல்லை. அந்த அறையில் இருந்த மூன்று பேருக்கும் அது தெரியும். அவர் கூடத்துக்குப் போய் அட்டைப்பெட்டியின் ஒட்டுநாடாவைச் சீராகக் கத்தரிக்க ஆரம்பித்தார்.

அண்ணி மின்சாரத்தை நிறுத்தி, வயரைப் பிடுங்கி, பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினாள். வெளியே அவ்வளவு சுத்தம். உள்ளே தலையணைப் பஞ்சு மாதிரி தூசி. பிரஷ்ஷால் தட்டினாள். நாத்தனார் தும்மினாள்.

"நீள பீப் வந்தா மெமரி" என்றாள் அண்ணி. "எல்லா போர்டுலயும் ஒரே மாதிரி இருக்காது. இதுல அப்படி."

மெமரி பட்டை இரண்டு. ஒன்று சரியாக உட்கார்ந்திருந்தது. இன்னொன்றின் ஒரு முனை மேலே தூக்கியிருந்தது. கடைக்காரன் கழற்றிவிட்டு அவசரத்தில் மாட்டியிருக்கிறான்.

"ரப்பர் இருக்கா? பென்சில் ரப்பர்."

நாத்தனார் மேஜை டிராயரிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அண்ணி பட்டைகளின் தங்கநிற ஓரத்தை ரப்பரால் தேய்த்தாள். எழுத்தை அழிக்கிற மாதிரி, மெதுவாக. கறுப்பு வந்தது. ஊதினாள். திருப்பி வைத்து, இரண்டு பக்கத்துக் கொக்கியும் தானாக மூடும் வரை அழுத்தினாள். டக். டக்.

"இவ்வளவுதானா?"

"இது கடைக்காரன் கொடுத்த வியாதி. ஒரிஜினல் வியாதி இனிமேதான் வரும். போடு."

ஒரு சின்ன பீப். திரையில் வெளிச்சம். நாத்தனார் கைதட்டினாள். கூடத்தில் கத்தரிச் சத்தம் நின்றது.

கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் இறங்கின. அமைப்புகள் அழிந்துவிட்டன, தொடர ஒரு விசையை அழுத்தவும். மூலையில் ஒரு தேதி. அந்தத் தேதியில் நாத்தனாருக்குக் கல்யாணமே ஆகியிருக்கவில்லை.

"பார்த்தியா, தேதி" என்றாள் நாத்தனார். "இவ்வளவு பின்னாடி போனதே இல்ல. வழக்கமா ஒரு ராத்திரி நேரம் மட்டும்தான் குறையும்."

அண்ணி விசையை அழுத்தினாள். லோகோ வந்தது. ஓட ஆரம்பித்தது. நீலத் திரை. அணைந்தது. லோகோ. நீலம்.

"பழைய குருடி கதவைத் திறடி" என்றாள் நாத்தனார். நாற்காலியில் உட்கார்ந்தாள். "டிஸ்க் போச்சா அண்ணி? என் டிசைன் எல்லாம் அதுலதான் இருக்கு. நான் வரைஞ்ச எழுத்து எல்லாம். ஒவ்வொரு கடைக்கும் ஒவ்வொரு மாதிரி வரைஞ்சது."

"இரு."

அண்ணி நீளமான ஸ்க்ரூடிரைவரை எடுத்து, நுனியை டிஸ்க்கின் மேல் வைத்தாள். கைப்பிடியைக் காதில் வைத்துக்கொண்டாள். டாக்டர் மார்பில் குழாய் வைப்பதுபோல. கண்ணை மூடினாள்.

"டிக் டிக்குனு வந்தா கவலைப்படணும். வரல. ஒரே சீரா ஓடுது. நீயே கேளு."

நாத்தனார் காதை வைத்தாள். ஒரு மெல்லிய ரீங்காரம். சீராக இருந்தது. அவள் முகத்தில் இறுக்கம் கொஞ்சம் தளர்ந்தது.

வாசலில் மணி அடித்தது.

பழைய சாமான் வாங்குகிறவர் உள்ளே வந்தார். இடுப்பில் ஒரு கொக்கித் தராசு தொங்கியது. தெருவில் அவருக்குப் பெயரே தராசுதான். குடை ஆணிக்குக் கீழே காலியாக இருந்த இடத்தைப் பார்த்தார்.

"சார், வாசல்ல வெச்சிருக்கேன்னு சொன்னீங்க. யாராவது எனக்கு முன்னாடி வந்துட்டாங்களா?"

"உள்ள இருக்கு" என்றார் மாப்பிள்ளை. "கொஞ்சம் உட்காருங்க. டீ குடிக்கிறீங்களா?"

"டீ குடிக்கச் சொன்னா பொருள் கிடைக்காதுன்னு அர்த்தம் சார். நிறையப் பார்த்திருக்கேன்." உட்கார்ந்தார். பாதி பிரித்த அட்டைப்பெட்டியைத் தட்டினார். "ஓடுற மெஷினா? இதுக்கும் என் நம்பரைக் குறிச்சு வெச்சுக்கோங்க."

"இப்பத்தான் வாங்கியிருக்கேன்!"

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. நான் எடுக்க வரும்போது அதுமேல துணி காயும்."

அறைக்குள் நாத்தனார் சிரிப்பை அடக்கப் பார்த்தாள். முடியவில்லை. மாப்பிள்ளை அறைக் கதவுக்கு வந்தார். பின்னாலேயே டீ தம்ளருடன் தராசு. இருவரும் திரையைப் பார்த்தார்கள். நீலம்.

"நீலம் வந்தாச்சா?" என்றார் தராசு. "நீலம் வந்தா வண்டிக்கு வந்துடும்மா. என் அனுபவம்."

"உங்க குடோன்ல இருக்கிறதுல பாதி இப்படி வந்ததுதான்" என்றாள் அண்ணி. "நல்லா இருக்கிறதை எடை போட்டிருக்கீங்க."

"எனக்கென்னம்மா. நல்லதும் கெட்டதும் தராசுல ஒரே எடைதான்."

அண்ணி மெஷினை மறுபடி போட்டாள். லோகோ வருவதற்கு முன்பே ஒரு விசையைத் தட்டிக்கொண்டே இருந்தாள். வேறொரு திரை வந்தது. வரிசை வரிசையாக அமைப்புகள். நாத்தனார் அதைப் பார்த்ததே இல்லை.

"இங்க வந்து நில்லு" என்றாள் அண்ணி. "டிஸ்க்கோட பேசுறதுக்கு இந்த போர்டுக்கு ரெண்டு விதம் தெரியும். பழைய விதம் ஒண்ணு, புது விதம் ஒண்ணு. உன் டிஸ்க்குல எல்லாத்தையும் ஏத்தினவன் பழைய விதத்துல ஏத்தியிருக்கான். இவ்வளவு நாளும் போர்டு அதை ஞாபகம் வெச்சிருந்துச்சு. இப்போ மறந்துடுச்சு. மறந்தா பிறந்தப்போ சொல்லிக் கொடுத்ததுக்குத் திரும்பிடும். புது விதம். இது ஒண்ணு பேசுது, அது ஒண்ணு கேக்குது. அதுதான் நீலம்."

"மாமியார் மருமகள் மாதிரி" என்றார் தராசு.

"அண்ணி நாத்தனார் மாதிரி" என்றாள் நாத்தனார்.

அண்ணி கீழ்நோக்கிய அம்புக்குறியை அழுத்தி, ஒரு வரியில் நின்று, அதை மாற்றினாள். சேமித்தாள். மெஷின் தானாக அணைந்து எழுந்தது. லோகோ. தராசுகூட டீயை உறிஞ்சவில்லை.

நீலம் வரவில்லை. பின்னணிப் படம் வந்தது. ஐகான்கள் ஒவ்வொன்றாக உட்கார்ந்தன. அவள் வரைந்த எழுத்துகள் உள்ள ஃபோல்டர், வலது மூலையில், அதன் இடத்தில்.

"அண்ணி!" என்றாள் நாத்தனார். ஃபோல்டரைத் திறந்து பார்த்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள்.

"இன்னும் முடியல" என்றாள் அண்ணி. "இது எழுந்திருச்சுது. ஆனா ஞாபகம் நிக்காது. உள்ள ஒண்ணு பார்க்கணும்."

டார்ச்சை எடுத்துக்கொண்டு, திறந்திருந்த பெட்டிக்குள் கையை நீட்டினாள்.

"அக்கா, கரண்ட்டு!" என்றார் மாப்பிள்ளை. பாய்ந்து வந்தார். சுவரில் இருந்த சுவிட்சை அணைத்தார்.

திரை செத்தது. மின்விசிறி மெல்ல நின்றது.

"கரண்ட் இருக்கும்போது உள்ள கையை விடாதீங்க" என்றார் மாப்பிள்ளை. அவருக்கு மூச்சு வாங்கியது. "ஏதாவது ஆச்சுன்னா மச்சானுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

நாத்தனார் அவரைப் பார்த்த பார்வையில் ஸ்டிக்கர் வெட்டியிருக்கலாம்.

"போடுங்க தம்பி" என்றாள் அண்ணி. குரலில் கோபம் இல்லை. "திருப்பிப் போடுங்க. எல்லாரும் பார்க்கட்டும்."

போட்டார். கறுப்புத் திரை. அமைப்புகள் அழிந்துவிட்டன. மூலையில் கல்யாணத்துக்கு முந்தைய தேதி. லோகோ. நீலம்.

"நான் சொல்லல?" என்றார் தராசு. தம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். "தூக்கலாமா சார்?"

மாப்பிள்ளை சுவிட்சையும் திரையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, இந்த சுவிட்சை எப்பல்லாம் அணைப்பீங்க?"

"தூங்கப் போறதுக்கு முன்னாடி. எல்லா சுவிட்சும்தான். கூடம், சமையலறை, இந்த ரூம். சுத்தி வந்து அணைச்சுட்டுத்தான் படுப்பேன்."

"எப்பலேர்ந்து?"

"எப்பவுமே" என்றாள் நாத்தனார். "கல்யாணமான அன்னிக்கே மண்டபத்துல சுவிட்ச் எங்க இருக்குன்னு கேட்டவரு."

"ஊருக்குப் போனப்போ?"

"மெயினையே இறக்கிட்டுப் போனோம்" என்றார் மாப்பிள்ளை. "ஏன் அக்கா?"

அண்ணி வயரைப் பிடுங்கினாள். அவர் பார்க்கும்படி பிடுங்கிக் காட்டிவிட்டு, பிறகு பெட்டிக்குள் கையை விட்டாள். போர்டின் மூலையில் ஒரு வட்டமான பேட்டரி. சட்டைப் பொத்தான் மாதிரி. நகத்தால் கொக்கியைத் தள்ளினாள். அது துள்ளி வந்தது. மேஜையில் வைத்தாள்.

"தேதியையும் ஞாபகத்தையும் காப்பாத்துறது இதுதான். சுவத்துல கரண்ட் இருந்தா கம்ப்யூட்டர் அணைஞ்சிருந்தாலும் இது சும்மா இருக்கும். சுவத்துல அணைச்சா, விடியற வரைக்கும் இது தனியா முழிச்சிருக்கணும். வருஷக்கணக்கா முழிச்சிருக்கு. களைச்சுப்போய் தேதி குறைய ஆரம்பிச்சுது. இவ என்னடான்னா காலையில எழுந்து சரி பண்ணிக்கிட்டே இருந்தா, நோய் என்னன்னு கேக்காம." நாத்தனாரைப் பார்த்தாள். "ஊருக்குப் போனீங்க. மெயின் இல்ல. செத்துப்போச்சு. இவ்வளவுதான் கதை."

"அப்போ நான்தான் கெடுத்தேனா?" என்றார் மாப்பிள்ளை.

"பேட்டரிக்கும் வயசாச்சு தம்பி. எப்படியும் போயிருக்கும். நீங்க கொஞ்சம் சீக்கிரம் வழியனுப்பி வெச்சீங்க."

"நான் எல்லாம் பத்திரமா இருக்கணும்னுதான்..."

"தெரியும். இப்பக்கூட என்னைக் காப்பாத்தத்தானே பாய்ஞ்சீங்க."

மாப்பிள்ளை தன் சட்டைக் கையை நீவினார். மடிப்பு ஏதும் இல்லை. இருந்தும் நீவினார்.

"இது எங்க கிடைக்கும்?" என்றாள் நாத்தனார் அவசரமாக. "என்கிட்ட இருக்கிற ரிமோட் எல்லாம் நீட்டு பேட்டரி. நான் ஓடிப்போய்க் கடையில வாங்கிட்டு வரவா? அண்ணி, உங்க பையில இல்லையா?"

"இருந்தது. காலையில ஒரு வீட்டுல போட்டேன். உன் போன் அங்கதான் வந்துச்சு, நேரா இங்க வந்துட்டேன்."

"நான் வெயிட் பண்ண முடியாதும்மா" என்றார் தராசு. "இன்னும் ரெண்டு தெரு இருக்கு."

மாப்பிள்ளை அறையைவிட்டு வெளியே போனார். தராசு வழிவிட்டார். படுக்கையறைக் கதவு திறக்கும் சத்தம். ஏதோ தரையில் இழுபடும் சத்தம்.

அவர் எடை பார்க்கும் மெஷினோடு திரும்பி வந்தார். கண்ணாடி வைத்தது. தினமும் காலையில் அதன்மேல் ஏறி நின்றுவிட்டுத்தான் டீ குடிப்பார். அதைக் குப்புறக் கவிழ்த்தார். சின்ன மூடியைத் திறந்தார். உள்ளே வட்டமாக ஒன்று. பளபளவென்று இருந்தது.

"இது ஆகுமா பாருங்க அக்கா. போன மாசம்தான் மாத்தினேன்."

அண்ணி வாங்கி டார்ச் வெளிச்சத்தில் அதன்மேல் இருந்த எண்ணைப் படித்தாள். மேஜையில் கிடந்ததன் எண்ணையும் படித்தாள்.

"ஒரே எண். அக்கா தங்கச்சி" என்றாள்.

"நாளைக்குக் காலையில எடை எப்படிப் பார்ப்பீங்க?" என்றாள் நாத்தனார்.

"நான் பார்க்கிறேன்" என்றார் தராசு, இடுப்புக் கொக்கியைத் தட்டி. "சார் தொங்கினா போதும்."

மாப்பிள்ளைக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அண்ணி பேட்டரியை வைத்தாள். வயரைச் செருகினாள். இந்த முறை அமைப்புத் திரையில் நாத்தனாரை உட்கார வைத்தாள். "நீ மாத்து. நான் தொட மாட்டேன்." நாத்தனார் அம்புக்குறியை அழுத்தினாள். அந்த வரியை அவளே கண்டுபிடித்தாள். பழைய விதம். பிறகு தேதி. இன்றைய தேதியைத் தட்டினாள், தினமும் தட்டிய விரல். சேமித்தாள். திரை எழுந்தது.

"இப்போ அணை. சுவத்துலயும் அணை" என்றாள் அண்ணி.

"வேண்டாம்" என்றாள் நாத்தனார்.

"அணை. நம்பணும்ல?"

நாத்தனார் கம்ப்யூட்டரை அணைத்தாள். சுவர் சுவிட்சை அணைக்க அவளுக்குக் கை வரவில்லை. மாப்பிள்ளையைப் பார்த்தாள். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். கடைசியில் அண்ணியே அணைத்தாள். வயரைப் பிடுங்கி மேஜையில் போட்டாள். பக்கத் தகட்டை மாட்டி, ஒவ்வொரு திருகாகத் திருகினாள். அவசரமே இல்லை. பிறகு செருகிப் போட்டாள்.

லோகோ. பின்னணிப் படம். மூலையில் தேதி. இன்றைய தேதி. நிமிஷம்கூடச் சரி.

"சரிம்மா" என்றார் தராசு. "நல்லா இருக்கட்டும். ஆனா என் வண்டி டீசலைக் குடிச்சுட்டு வந்திருக்கு. வெறுங்கையோட அனுப்பாதீங்க."

மாப்பிள்ளை யோசித்தார். மேஜைக்கு அடியிலிருந்து செத்துப்போன யுபிஎஸ்ஸை இழுத்தார். பெட்டி சின்னது, ஆனால் நல்ல கனம். கூடத்து அட்டைப்பெட்டியையும் முழுசாகப் பிரித்து மடித்துக் கொடுத்தார். தராசு யுபிஎஸ்ஸைக் கொக்கியில் மாட்டித் தூக்கிப் பார்த்தார். முகம் தெளிந்தது.

"இது போதும் சார். ஓடுற மெஷினுக்கு மறுபடி வரேன்."

"வர வேண்டியிருக்காது" என்றார் மாப்பிள்ளை.

"துணி காயப்போடாதீங்க, துரு பிடிக்கும்" என்று சொல்லிக்கொண்டே படியிறங்கினார்.

மாப்பிள்ளை கூடத்துக்குப் போனார். ஓடுகிற மெஷினைச் சுற்றி வந்தார். படுக்கையறை ஜன்னலைப் பார்த்தார். அளவுநாடா எடுத்து வந்து அங்கே அளந்தார். பிறகு போனை எடுத்தார். அறைக்குள் இருந்த இரண்டு பேருக்கும் தெளிவாகக் கேட்டது.

"தம்பி, நான்தான். உன் ஆபீசுக்கு வேற ஆளைப் பாரு... இல்ல, அவ வர மாட்டா. அவளுக்கு வேலை இருக்கு... உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. வேலை இருக்குன்னு சொல்றேன்ல."

நாத்தனார் அதைக் கேட்டாள். வெட்டும் மெஷினின் மூடியை எடுத்தாள். கேபிளைச் செருகினாள். மென்பொருள் டாங்கிளைக் கண்டுகொண்டு திறந்தது. தேதியைப் பற்றி அது ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

"பல் ஆஸ்பத்திரியை முடி" என்றாள் அண்ணி, பிரஷ்ஷைப் பையில் போட்டபடி.

"முதல்ல ஒண்ணு சின்னதா வெட்டிப் பார்க்கிறேன். கத்தி சரியா விழுதான்னு."

சிவப்புத் துண்டு ஒன்றைச் செருகினாள். தட்டினாள். மெஷின் சரசரவென்று முன்னும் பின்னும் ஓடியது. அவள் ஊசியால் வேண்டாத இடங்களைக் கிள்ளி எடுத்தாள். எழுத்து நின்றது. மேலே ஒட்டுநாடா போட்டு, எழுத்தோடு தூக்கி, சுவர் சுவிட்சுக்கு மேலே வைத்துத் தேய்த்தாள். நாடாவை உரித்தாள்.

'இதை மட்டும் விட்டுடுங்க.'

எழுத்து அவள் வரைந்ததுதான். கொஞ்சம் கொழுத்த எழுத்து, பேக்கரிப் பலகைகளில் போடுவது.

"அடுத்த தடவை ஏதாவதுன்னா..." என்றாள் அண்ணி.

"ஸ்பேனரைத்தான் கூப்பிடுவேன்."

"பேரை மாத்த மாட்டே?"

"வேணும்னா ஸ்டிக்கரா வெட்டித் தரேன். பையில ஒட்டிக்கோங்க. விளம்பரம்."

"வெட்டு. சிவப்பு வேண்டாம், மஞ்சள்ல வெட்டு."

மாப்பிள்ளை உள்ளே வந்தார். சுவிட்சுக்கு முன்னால் நின்றார். படித்தார். தலையை ஒரு பக்கம் சாய்த்தார். மறுபக்கம் சாய்த்தார். கையிலிருந்த அளவுநாடாவைச் சுவரில் வைத்துப் பார்த்தார்.

"கொஞ்சம் சாய்ஞ்சிருக்கு" என்றார்.

நாத்தனார் திரும்பிப் பார்க்கவில்லை. பச்சைச் சுருளைச் செருகிக்கொண்டிருந்தாள்.

"என் எழுத்து நேராத்தான் இருக்கு. சுவிட்ச் போர்டுதான் சாய்ஞ்சிருக்கு."

அவர் மறுபடி அளந்தார்.

"ஆமா" என்றார்.

மெஷின் 'வ' வெட்ட ஆரம்பித்தது.